தொட்டேன், தட்டவில்லை

பரவாயில்லை கண்ணு. காலை நான்தான் வழியில் நீட்டி வைத்திருந்தேன். நீ பார்க்காமல் மிதித்துவிட்டாய், அவ்வளவுதானே. உட்கார். ஒன்று மட்டும் கேட்கிறேன். இப்போது என் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாயே, எத்தனை தடவை தொட்டாய்?

யோசிக்காதே. யோசித்தால் மாறிவிடும்.

ஒரு தடவை. நானும் அப்படித்தான் பார்த்தேன். எந்த ஊர் கண்ணு? முசிறியா. அப்படியானால் குளித்தலையில் இறங்கிப் பாலம் தாண்டவேண்டும். சரி, சரி. முசிறிப் பக்கம் ஒன்றுதான்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஈரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருக்கிறேன். சனிக்கிழமையானால் கரூருக்கு, வீட்டுக்கு, இந்த ரயிலில்தான் போவேன். ஏறியதும் நடைபாதை ஓரமாக ஒரு சீட்டைப் பிடித்துக் காலைக் கொஞ்சம் வெளியே விட்டுவைப்பேன். யாராவது மிதிப்பார்கள். நம் ஜனங்கள் மிதித்துவிட்டுச் சும்மா போகமாட்டார்கள், தொடுவார்கள், கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நான் எண்ணிக்கொள்வேன். பெரும்பாலும் ஒன்றுதான். திருச்செங்கோட்டுக்காரர்கள் ஒரு தடவை தொட்டு ரெண்டு கண்ணிலும் ஒற்றுவார்கள், அதையும் ஒன்று என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொடுமுடியில் ஏறின ஒரு அம்மாள் மூன்று தடவை தொட்டாள். ஆனால் அந்தம்மாளுக்குக் கை நடுக்கம். போன வாரம் ஒரு பையன் தொடாமல் ‘சாரி’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சாரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

ரெண்டு தடவை தொடுகிறவர்கள் குறைவு. ஆனால் இருக்கிறார்கள். அதுதான் முக்கியம்.

நான் ஜூடோ விளையாடினவள். கராத்தே இல்லை. ஜூடோ என்றால் எல்லாரும் கராத்தேயா என்றுதான் கேட்பார்கள். கராத்தேயில் அடிப்பார்கள், ஜூடோவில் அடிக்கக் கூடாது. எதிராளியின் சட்டையைப் பிடித்துத் தூக்கிக் கீழே போட வேண்டும். முதுகு நன்றாகத் தரையில் பட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. அப்படிப் படாமல் ஒருக்களித்து விழுந்தால் மேலே படுத்து அமுக்க வேண்டும். கழுத்தை நெரிக்கலாம், கையை முறுக்கலாம், அதற்கெல்லாம் அனுமதி உண்டு. தாங்க முடியாதவள் தட்ட வேண்டும். தரையிலோ எதிராளி மேலோ ரெண்டு தடவை தட்டினால் ‘போதும், விட்டுவிடு’ என்று அர்த்தம். அவள் விட்டுவிடுவாள். தட்டினவள் தோற்றவள்.

நான் தட்டவில்லை. இது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேள்.

கரூரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கிளாடிஸ் டீச்சர் மாற்றலாகி வந்தபோது நான் எட்டாவது. டீச்சருக்கு நாசரேத் பக்கம். எங்கேயோ போய் ஜூடோ பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தார். பிள்ளைகள் இருந்தோம், விரிப்பு இல்லை. கீழே போட்டால் சிமெண்டுத் தரை. என் அப்பா பஸ் கட்டுகிற பட்டறையில் சீட் தைக்கிறவர். கரூரில் தெருவுக்குத் தெரு பஸ் கட்டுவார்கள், உனக்குத் தெரிந்திருக்கும். அப்பா பட்டறையில் மிஞ்சின ரெக்சினையும் தேங்காய் நாரையும் வைத்து எங்களுக்கு விரிப்பு தைத்துக் கொடுத்தார். பாதி பச்சை, பாதி மெரூன். வேர்த்தால் ஒட்டிக்கொள்ளும். விழுந்து எழுந்தால் கன்னத்துத் தோல் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும். பஸ்ஸில் படுத்திருப்பது போலவே இருக்கும். ஜூடோ சட்டையும் அப்பாதான் தைத்தார். கழுத்துப் பட்டையில் சீட் ஓரத்துக்குப் போடுகிற ரெட்டைத் தையல். கயிறு மாதிரி நிற்கும்.

முதல் நாளிலேயே ஒரு சிக்கல் வந்தது. ஜூடோவில் பாதி வேலை காலுக்குத்தான். எதிராளி காலைத் தட்டிவிட்டுச் சாய்க்க வேண்டும். நாங்கள் காலைத் தட்டிவிடுவோம், அவள் சாய்வாள், உடனே குனிந்து அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அதற்குள் அவள் எழுந்து எங்கள் காலைத் தட்டிவிட்டு, அவள் ஒற்றிக்கொள்வாள். வகுப்பு முழுக்க இதுதான் நடந்துகொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கோயில் திருவிழா மாதிரி இருக்கும். டீச்சர் ரெண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் விசில் அடித்து எல்லாரையும் நிற்க வைத்தார்.

“ஏட்டி, எல்லாரும் கேளுங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒருத்திக்கொருத்தி குனிஞ்சு கும்பிடணும்னு சொல்லிக் குடுத்தேன்ல. அது எதுக்குன்னு நெனச்சீங்க? இன்னிக்குப் படப்போற காலுக்கெல்லாம் சேத்து இப்பவே கேக்குற மன்னிப்பு அது. அதுக்கப்புறம் எவளாவது தொட்டுக் கும்பிட்டா மைதானத்தைச் சுத்தணும், ஆமா.”

நாங்கள் ஒத்துக்கொண்டோம். நியாயமாகத்தான் இருந்தது. ஜப்பான்காரர்கள் எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியம். அதற்குப் பிறகு குனியும்போதெல்லாம் மனதுக்குள் கணக்கு வைத்துக்கொள்வேன். இவளை மூன்று தடவை காலால் வாரப் போகிறேன், அதற்கு இது. அதிகமாக வார வேண்டியிருந்தால் கொஞ்சம் அதிகமாகக் குனிவேன்.

நன்றாக விளையாடினேன் கண்ணு. நானே சொல்லக் கூடாது, ஆனால் சொல்ல வேறு ஆள் இல்லை. மாவட்டத்தில் ஜெயித்தேன், மாநிலத்தில் ஜெயித்தேன். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும்போது தேசியப் போட்டிக்குப் போபாலுக்குப் போனோம், நானும் கிளாடிஸ் டீச்சரும். பத்தொன்பது வயது எனக்கு. நாற்பத்தெட்டு கிலோப் பிரிவு. அதில் தங்கம் வாங்குகிற ஒருத்தி ஆசியப் போட்டிக்கு தாஷ்கண்ட் போகலாம். ஒருத்திதான். வெள்ளிக்கு ஒன்றும் கிடையாது, வெள்ளிதான் உண்டு.

அப்பா தாஷ்கண்ட் எங்கே இருக்கிறது என்று பட்டறையில் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒரு பை தைத்துவிட்டார். ஆமாம், மேலே வைத்திருக்கிறேனே, அந்தச் சிவப்புப் பைதான். டிரைவர் சீட்டுக்குப் போடுகிற ரெக்சின், எதற்கும் கிழியாது. “ஏரோப்ளேன்ல தூக்கித் தூக்கி வீசுவாங்களாமா அம்மிணி,” என்று அடியில் ரெட்டை மடிப்பு வைத்தார். போபாலுக்கு அதைக் கொண்டுபோக விடவில்லை. அது தாஷ்கண்டுக்கு மட்டும் என்றார். இப்போது ஈரோட்டிலிருந்து மஞ்சள் தூளும் துவைக்கிற துணியும் கொண்டுவருகிறேன்.

போபாலில் குளிர். எடை பார்க்கும்போது நாற்பத்தெட்டுக்கு மேல் துளி கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் கொஞ்சம் கூடத்தான் இருந்தேன். சாப்பாட்டை நிறுத்தி, தண்ணீரையும் நிறுத்தி, ரெண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஓடி, புளியங்கொட்டையை வாயில் அடக்கித் துப்பித் துப்பி, எப்படியோ முள் சரியாக நின்றது. அதற்குப் பிறகு டீச்சர் வாழைப்பழம் கொடுத்தார். இறங்கவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பிறகு வருகிறது.

இறுதி ஆட்டத்தில் எனக்கு எதிராக மணிப்பூர்ப் பெண், இபேம்சா என்று பேர். குட்டையாக இருப்பாள், கை மட்டும் இரும்பு. குனிந்து கும்பிட்டோம். நான் நன்றாகவே குனிந்தேன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அவளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். முதுகு முழுசாகப் படவில்லை, ஒருக்களித்து விழுந்தாள். பாய்ந்து குறுக்கே படுத்து அமுக்கினேன். முப்பது எண்ணுகிற வரைக்கும் அப்படியே அமுக்கி வைத்தால் போதும், தங்கம். நடுவர் கையை நீட்டிவிட்டார், கடிகாரம் ஓடுகிறது. டீச்சர் ஓரத்தில் நின்றுகொண்டு, “விடாதட்டி, விடாதட்டி,” என்று கத்துகிறார். நான் விடவில்லை.

கீழே கிடந்த இபேம்சா என் கழுத்துப் பட்டையைப் பிடித்திருந்தாள். பிடித்திருந்தாள், அவ்வளவுதான். கொஞ்சம் இறுக்கமாக. அந்தப் பட்டை அப்பாவின் ரெட்டைத் தையல் என்று சொன்னேனே, அது சும்மா இருந்தாலே இறுக்கம்தான். காதில் ஒரு ரீங்காரம் கேட்டது. அந்த அரங்கத்தில் எதிரொலி அதிகம். கண் லேசாக இருட்டிக்கொண்டு வந்தது. சாப்பிடவில்லை என்று சொன்னேன் இல்லையா, அதுதான். டீச்சர் சத்தம் எங்கேயோ கரூரிலிருந்து வருவது போல இருந்தது. மற்றபடி நன்றாகத்தான் இருந்தேன். இன்னும் ரொம்ப நேரம் அப்படியே படுத்திருந்திருப்பேன்.

அப்போதுதான் காலைக் கொஞ்சம் மாற்றி வைத்தேன். குதிகால் அவள் முகத்தில் பட்டது.

முகம், கண்ணு. காலில் கால் பட்டால் அது வேறு. ஆரம்பத்தில் குனிகிற கும்பிட்டிலேயே கழிந்துபோகும். முகத்தில் பட்ட காலை எந்தக் கும்பிடு தாங்கும். அதுவும் யாரோ, எந்த ஊரோ, யார் பெற்ற பிள்ளையோ. என் கை தானாகப் போனது. அவள் தோளைத் தொட்டேன். எங்கள் வீட்டில் ரெண்டு தடவை தொடுவது வழக்கம். ரெண்டு தடவை தொட்டேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை எடுப்பதற்குள் நடுவர் பாய்ந்து வந்து எங்களைப் பிரித்துவிட்டார். கையை அவள் பக்கமாக நீட்டினார். அவள் ஜெயித்தாள் என்று அர்த்தம்.

அரை நொடி. அரை நொடி பொறுத்திருந்தால் என் கை கண்ணுக்கு வந்திருக்கும். எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஒற்றிக்கொள்ள விடவில்லை அந்த மனிதர்.

மேலே படுத்துக்கொண்டு தோற்றவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

உடனே எழுந்து சண்டை போட்டிருக்கலாம்தான். ஆனால் கொஞ்ச நேரம் அங்கேயே படுத்திருந்தேன். ரெண்டு பேர் ஓடிவந்து என் ரெண்டு காலையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வடக்கே இறுதி ஆட்டம் முடிந்தால் அப்படி ஒரு மரியாதை போல. முகத்தில் தண்ணீரும் தெளித்தார்கள்.

எனக்காகக் கிளாடிஸ் டீச்சர்தான் போனார். நடுவர் புனே பக்கத்துக்காரர், பெரிய மீசை. டீச்சர் அவரிடம் போய் இங்கிலீஷில் பேசினார். எங்கள் பக்கத்தில் கால் பட்டால் இப்படித் தொடுவார்கள் சார், அது விட்டுக்கொடுப்பது இல்லை, மன்னிப்பு என்றார். அவருக்குப் புரியவில்லையோ என்று ஒரு காரியம் செய்தார். தன் செருப்புக் காலால் அவர் ஷூவை மிதித்தார். அந்த மனிதர் பதறிப்போய், தன் கால்தான் டீச்சர் மேல் பட்டுவிட்டது என்று நினைத்து, குனிந்து டீச்சர் முழங்கை பக்கமாகத் தொட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

“பாத்தீங்களா சார், உங்களுக்கும் அதே வழக்கம்தான்,” என்றார் டீச்சர்.

அவர் கொஞ்சம் யோசித்தார். நல்ல மனிதர்தான், யோசித்தார். பிறகு, “ஆமாம் மேடம், வழக்கம் உண்டு. ஆனால் நான் ஒரு தடவைதான் தொட்டேன். உங்கள் பெண் ரெண்டு தடவை. ஒன்று மன்னிப்பு, ரெண்டு தோல்வி,” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்துதான் கண்ணு, நான் எண்ண ஆரம்பித்தது.

டீச்சர் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஏட்டி, ஏன் தட்டுன?” என்றார்.

“தட்டல டீச்சர். தொட்டேன்.”

“சரி.”

“தொட்டேன் டீச்சர்.”

“சரின்னுட்டேன்ல. இந்தா, தண்ணியக் குடி. உன் கழுத்து செவந்து கெடக்கு.”

ரெக்சினில் உரசினால் சிவக்கும். ஆனால் போபாலில் விரிப்பு ரெக்சின் இல்லை. குளிரில் சிவந்திருக்கும்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். டீச்சர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பட்டறைக்கு போன் போட்டார். அப்பாவுக்கு அங்கேதான் போன் வரும், மேனேஜர் எடுப்பார். நான் பூத் வாசலில் நின்றேன். டீச்சர் பேசுவது மட்டும் கேட்டது.

“மைனாவதி ஃபைனல்ல தட்டிட்டா... ஆமா, தட்டிட்டா... நெசமாத்தான், நானே பாத்தேன்... ரெண்டு தட்டு.”

அவ்வளவுதான், லைன் போய்விட்டது.

நீயே சொல். ஜூடோக்காரர்கள் தட்டிட்டா என்றால் ஒரு அர்த்தம். கரூர் பஸ் பட்டறையில் தட்டிட்டா என்றால் என்ன அர்த்தம்? பேப்பரில் எப்படிப் போடுகிறான்? முதல் பரிசைத் தட்டிச் சென்றார் என்றுதானே போடுகிறான். மேனேஜர் பேப்பர் படிக்கிற மனிதர்.

ரெண்டு நாள் ரயிலில் வந்தோம். கரூர் ஸ்டேஷனில் இறங்கினால் மேளம். பட்டறை முழுக்க வந்திருந்தது, வெல்டிங் ஆட்கள், பெயிண்டர்கள், எல்லாரும். பெயிண்டர்களே துணியில் எழுதியிருந்தார்கள். பஸ்ஸில் கம்பெனி பேர் எழுதுகிற அதே எழுத்து, நிழல் வைத்து, ஓரத்தில் ரெண்டு கிளி. ‘போபாலில் தங்கம் தட்டிய கரூர்ச் சிங்கம் மைனாவதியே வருக.’ அப்பா முன்னால் நின்றார். தோளில் அந்தச் சிவப்புப் பையை மாட்டியிருந்தார். அங்கிருந்து நேராகத் தாஷ்கண்டுக்கு அனுப்பப் போவது மாதிரி.

“ஏஞ்சாமி, தட்டிப்போட்டியாமா?” என்றார் அப்பா.

நான் என்ன சொல்வேன்? ஆமாம் என்றால், நான் தோல்வியை ஒத்துக்கொண்டதாக ஆகும். ரெண்டு நாளாக அதைத்தான் ஒத்துக்கொள்ளாமல் வந்துகொண்டிருந்தேன்.

“நான் தட்டலைப்பா.”

அப்பா முகம் மாறியது. “தட்டலையா? டீச்சரம்மா தட்டிட்டான்னு சொன்னாங்களாமே.”

“அது டீச்சர் சொல்றது. நடுவரும் அப்படித்தான் சொல்றாரு. ஆனா நான் தட்டலை.”

“நடுவரே தட்டிட்டீன்னு சொல்லீட்டா அப்புறம் என்ன அம்மிணி? வாங்கிக்க வேண்டியதுதானே.”

மேளக்காரர் நிறுத்தவில்லை. ஒரு பெயிண்டர் என் கழுத்தில் கிடந்த மெடலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, தங்கம் வெள்ளையா இருக்குது,” என்றார். மேனேஜர், “அதெல்லாம் வடக்கத்தித் தங்கம் அப்படித்தான். தட்டு எங்கம்மா? ரெண்டு தட்டு குடுத்ததாச் சொன்னாங்களே,” என்று டீச்சர் பையைப் பார்த்தார்.

கிளாடிஸ் டீச்சர் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னார். மேளம் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் ஜால்ரா மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, அந்த ஆளுக்குக் காது மந்தம். அப்பா பையைத் தோளிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்தார். “வெள்ளி என்ன லேசா? இந்தியாவுலயே ரெண்டாவது. தட்டுனா என்ன, தட்டாட்டி என்ன. வா, சோறு ஆறுது,” என்றார்.

தட்டினால் என்ன, தட்டாவிட்டால் என்னவாம். பெற்ற அப்பா சொல்கிற வார்த்தையா? அந்த மழைக்காலம் முழுக்க நான் அவரிடம் பேசவில்லை. அவர் அந்தத் துணியைச் சுருட்டி வைத்திருந்தார். எழுத்து அழியட்டும் என்று நான் தண்ணீரில் போட்டேன். பஸ் பெயிண்ட், போகவில்லை.

இபேம்சாதான் தாஷ்கண்ட் போனாள். அங்கே முதல் ஆட்டத்திலேயே தோற்றாள் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அவள் தட்டினாளா என்று மட்டும் விசாரித்தேன். இல்லையாம், முதுகு பட்டுத்தான் தோற்றாளாம். சரி என்று விட்டுவிட்டேன்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறாயா. அடுத்த வருஷம் மாநிலப் போட்டி. அரையிறுதியில் ஒரு சேலத்துப் பெண் என் இடது கையை மடக்கி முறுக்கிவிட்டாள். சுற்றி எல்லாருக்கும் என்னைத் தெரியும். போபாலில் தட்டினவள் என்று பெஞ்சில் பேசிக்கொள்வது காதில் விழும். டீச்சர், “தட்டுட்டி, மைனா, தட்டு,” என்கிறார். அந்தப் பெண்ணே, “அக்கா தட்டுங்கக்கா,” என்றாள், அழுகிற மாதிரி. நான் தட்டவில்லை. நடுவர் பார்த்து நிறுத்துவதற்குள் ஒரு சத்தம் கேட்டது. முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி.

அந்தக் கை இதுதான். நீட்டினால் இவ்வளவுதான் வரும். தலைக்கு மேல் தூக்க முடியாது, மற்றபடி ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஜூடோ இல்லை. பள்ளிக்கூடத்தில் கோ-கோதான் சொல்லித் தருகிறேன். கோ-கோவிலும் முதுகில் தட்டித்தான் எழுப்ப வேண்டும், அதை நான் பிள்ளைகளை விட்டுச் செய்யச் சொல்வேன்.

கையைப் பார்த்தாயல்லவா. இப்போது சொல், இது தட்டுகிறவளுடைய கையா?

நாலு வருஷத்துக்கு முன்னால் இபேம்சாவைப் பார்த்தேன். போலீஸ் அணிக்குப் பயிற்சியாளராகச் சென்னைக்கு வந்திருக்கிறாள் என்று பேப்பரில் பார்த்துவிட்டு லீவு போட்டுப் போனேன். குண்டாகியிருந்தாள், நானும்தான். எனக்குத் தெரிந்த ஹிந்தியும் அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷுமாகப் பேசினோம். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். கட்டிப் பிடித்துக்கொண்டாள். டீ வாங்கிக் கொடுத்தாள். நான் டீ ஆறுகிற வரைக்கும் பொறுத்தேன். பிறகு கேட்டேன். அன்றைக்கு என் கால் உன் முகத்தில் பட்டதே, வலித்ததா?

“காலா?” என்றாள். “கால் எதுவும் படவில்லையே.”

பட்டது என்றேன். குதிகால். கன்னத்தில்.

அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “இல்லை அக்கா. நான் முழு நேரமும் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மூச்சுச் சத்தம் நின்றுபோயிற்று. எனக்குப் பயமாக இருந்தது. தட்டு, தட்டு என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்,” என்றாள்.

பாவம், கீழே மாட்டிக்கொண்டு கிடப்பவளுக்கு எது பட்டது, எது படவில்லை என்று எப்படித் தெரியும். மரத்துப்போயிருக்கும். நான் அதை விட்டுவிட்டு, என் கை உன் தோளில் பட்டதே, அது எப்படி இருந்தது, தொடுவது மாதிரி இருந்ததா, தட்டுவது மாதிரி இருந்ததா என்று கேட்டேன்.

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். “பயந்த பிள்ளையின் கை மாதிரி இருந்தது,” என்றாள்.

கேட்டாயா? அவள் வாயாலேயே வந்துவிட்டது. தெரியாத பெண்ணின் முகத்தில் காலை வைத்துவிட்டால் யாருக்குத்தான் பயம் இருக்காது? எனக்கு மனசு லேசாகிவிட்டது. அவளுக்குத்தான் ஏனோ கண் கலங்கியது. கிளம்பும்போது என் இடது கையைப் பிடித்துப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஜூடோவில்தான் என்றேன். தட்டியிருக்கலாமே என்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

வீட்டில் அப்பாவிடம் வந்து இதைச் சொன்னேன். அவருக்கு இப்போது வயதாகிவிட்டது, சீட் தைப்பதில்லை, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் பேச்சுக் கொடுப்பார். “என்ற பொண்ணு போபால்ல தட்டிட்டா,” என்பார். அவ்வளவுதான் சொல்வார், மேலே ஒரு வார்த்தை சொல்லமாட்டார். கேட்கிறவர்கள், “அடேங்கப்பா,” என்று என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன். “ஏம்ப்பா, அதை எப்படி வேணும்னாலும் எடுத்துக்கலாமே?”

“அதுக்குத்தான் அம்மிணி,” என்றார்.

என்ன மனிதர் பார். பெண்ணுக்காக ஒரு வார்த்தை தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. தொட்டாள், தட்டவில்லை. இதில் என்ன கஷ்டம்? போகட்டும். எங்கள் வீட்டில் ரெண்டு தடவை தொடுவது வழக்கம் என்று சொன்னேனே, அதையாவது சாட்சிக்குச் சொல்லுங்கள் என்றேன். “நாம எப்ப சாமி ரெண்டு தடவை தொட்டோம்?” என்கிறார். மறதி. வயதானால் இதெல்லாம் வந்துவிடுகிறது.

புகளூர் எப்போதோ தாண்டியாயிற்று போலிருக்கிறதே. ஆமாம், கரூர்தான் வருகிறது. அந்தப் பையை எடுத்துக் கொடு கண்ணு, மேலே எனக்குக் கை எட்டாது. சிவப்பு. கனமாக இருக்கிறதா? ஒன்றும் இல்லை, துணிதான். கொடு, வலது கையில் வாங்கிக்கொள்கிறேன். கொஞ்சம் நகர்ந்துகொள், இந்த வண்டி நிற்கும்போது ஒரு குலுக்குக் குலுக்கும்.

அச்சச்சோ. உன் காலை மிதித்துவிட்டேனே. நகம் ஒன்றும் பெயரவில்லையே?

என்ன பார்க்கிறாய்?

ஒரு தடவைதான் தொட்டேனா?

இல்லையே. நீ சரியாகப் பார்க்கவில்லை. ஒரு கையில் பை, இன்னொரு கை நீளாது, அதனால் உனக்கு அப்படித் தெரிந்திருக்கும். பை இல்லாவிட்டால் ரெண்டுதான் வரும். இரு, பையைக் கீழே வைத்துவிடுகிறேன். வண்டி நிற்கட்டும், அவசரம் இல்லை. முழங்காலைக் காட்டு.

இந்தா, இன்னொன்று.

ரெண்டாயிற்றா? யாராவது கேட்டால் ரெண்டு என்று சொல் கண்ணு. யோசிக்காமல் சொல். யோசித்தால் மாறிவிடும்.